தன்னூன் புதைத்த எலும்பு

தன்னூன் யாஸீன் தம் மகளுடைய மண்டை ஓட்டின் ஒரு பாகத்தை, அவள் உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே, மண்ணில் புதைத்தார். மோசுல் நகரில் அவரை அறிந்தவர்கள் இன்றைக்கும் அவரைப் பற்றிச் சொல்வது இந்த ஒன்றைத்தான். சிலர் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். சிலர் உச்சுக்கொட்டிக்கொண்டு சொல்கிறார்கள். அந்த எலும்பு என் பொறுப்பில் இருந்த பெட்டியிலிருந்து போனது. அதற்காக வேலையை இழந்தவன் நான். ஆகவே அவரைப் பற்றி நான் எழுதினால் அது கணக்குத் தீர்ப்பதாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் கண்டதையும், கண்டவர்களிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். உறுதி செய்ய முடியாததை, முடியவில்லை என்றே சொல்லிவிடுவேன்.

அவர் ஒரு நாவிதரின் மகன். பழைய நகரத்தில், செம்புப் பாத்திரம் அடிப்பவர்களின் கடைத்தெருவுக்குப் பின்சந்தில் தகப்பனாரின் கடை இருந்தது. தன்னூனுக்குக் கத்தி கைவந்தது, பேச்சு வரவில்லை. சவரம் செய்துகொள்ள வருகிறவர்கள் ஊர்ச் சங்கதியையும் சேர்த்தே எதிர்பார்க்கிறார்கள். இவரோ தலையைச் சாய்க்கச் சொல்வதும் நிமிரச் சொல்வதும் தவிர வேறு பேசாமல் ஆளை முடித்து அனுப்பிவிடுவார். தகப்பனாருக்குப் பின் கடை தேய்ந்தது. மருத்துவமனையின் மூளை அறுவைப் பிரிவில் தலை மழிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். அங்கே அவரிடம் தலை கொடுத்தவர்கள் யாரும் பேச்சை எதிர்பார்க்கவில்லை.

அதே பிரிவில் கருவிகளையும் கொதிநீராவிப் பெட்டிகளையும் கவனிக்கும் பண்டகப் பொறுப்பாளனாக நான் இருந்தேன். மருத்துவர்கள் கழித்துக் கட்டிய பழைய ஆங்கிலப் புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு படித்து, எந்த அறுவைக்கு எந்தக் கருவி என்பதைக் கற்றுக்கொண்டேன். மண்டையைத் திறப்பதற்கு வழி ஒன்றல்ல. கட்டி எங்கே இருக்கிறது, இரத்தம் எங்கே தேங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். நெற்றிப் பொட்டின் பின்னால், முடிக்குள் மறையும்படி ஒரு சிறு வளைவு போதுமான நோயாளிகள் உண்டு. சிலருக்கு ஒரு காதிலிருந்து மறு காதுவரை உச்சியின் மேலாகக் கோடு இழுத்து, நெற்றித் தோலை முன்பக்கமாக மடித்து இறக்க வேண்டும். சிறுமூளைக்குப் போக வேண்டுமானால் ஆளைக் குப்புறப் படுக்கவைத்துப் பிடரியில் நேராக வெட்ட வேண்டும். அடிபட்டு மூளை வீங்கியவர்களுக்குப் பெரிய வழி: காதுக்கு முன்னால் தொடங்கும் வெட்டு, காதைச் சுற்றிப் பின்னால் போய், உச்சியை ஒட்டி முன்னேறி, நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் வந்து நிற்கும். அந்தப் பக்கத்து மண்டை பாதிக்குத் திறந்துவிடும்.

தன்னூனுக்கு இந்த வழிகளெல்லாம் மழிக்கும் அளவாகத்தான் தெரியும். இன்ன வழி என்று மருத்துவர் சொன்னால், எவ்வளவு முடியை எடுக்க வேண்டும், தலையை எந்தப் பக்கம் திருப்பி எந்தத் தலையணையை வைக்க வேண்டும் என்று பார்த்துச் செய்வார். பெண்களுக்கு எடுப்பதில் கஞ்சத்தனம் காட்டுவார். எடுத்த முடியை ஒரு துணியில் முடிந்து வீட்டாரிடம் கொடுப்பார். மனிதனிடமிருந்து பிரிந்தது எதுவானாலும் மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது எங்களிடையே பேச்சுக்கு இடமில்லாத விஷயம். மற்ற அறுவை அரங்குகளில் வெட்டி எடுக்கப்பட்ட கால்களையும் கைகளையும், கொண்டுபோக ஆளில்லாத குடும்பங்களின் சார்பாக, வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்பவரும் அவர்தான். யாரும் அவருக்கு இட்ட வேலையல்ல. ஒருமுறை செய்தார், பிறகு எல்லோரும் அவரையே தேடினார்கள்.

எங்கள் தலைமைச் செவிலி ஷமீரான் கிறிஸ்தவப் பெண்மணி. வாய் சும்மா இராது.

"அபூ ஸுந்துஸ், இந்த ஊர்ல பாதிப் பேரைத் துண்டு துண்டா அடக்கம் பண்ணிட்டீங்க. கியாமத் நாள்ல செத்தவங்க எல்லாரும் எழுந்து நொண்டிக்கிட்டு உங்க வாசல்ல வந்து நிக்கப் போறாங்க, பாத்துக்குங்க."

"யாரு காலு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், சிஸ்டர். வரிசையில வரச் சொல்லுங்க" என்பார் தன்னூன்.

அபூ ஸுந்துஸ் என்றால் ஸுந்துஸின் அப்பா. ஆண்பிள்ளை இல்லாததால் மகள் பெயரைச் சேர்த்தே அவரை அழைத்தார்கள். மற்ற ஊழியர்கள் அதை வைத்துச் சீண்டுவதுண்டு. தன் மகள் பேசுகிற பேச்சுக்கு நான்கு பையன்கள் பிறந்திருந்தாலும் ஊமையாகத்தான் இருந்திருப்பார்கள் என்று அவர் சமாளிப்பார். அது உண்மை. மனைவி இறந்தபோது ஸுந்துஸ் பால்மறக்காத குழந்தை. தாமே வளர்த்தார். அப்பாவிடம் இல்லாத பேச்செல்லாம் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. ஆரம்பப் பள்ளியில் முதல் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஆனாள். அவள் சமையலறையில் நின்று அப்பாவைக் கண்டிப்பது சந்து முனைவரை கேட்கும். நிச்சயதார்த்தமும் ஆகியிருந்தது.

வெளிநாட்டுப் பொருள்களுக்குத் தடை இருந்த ஆண்டுகள் அவை. வண்டிகளுக்குப் பிரேக் கட்டை கிடைக்காது. மழைக்காலத்தில் ஒரு நாள், பிரேக் பிடிக்காத லாரி ஒன்று பள்ளிச் சுற்றுச்சுவரில் மோதியது. சுவர் ஸுந்துஸின் மேல் விழுந்தது.

அவளைக் கொண்டுவந்தபோது தன்னூன் பணியில் இருந்தார். எங்கள் பிரிவின் அறுவை மருத்துவர் டாக்டர் வாஸிக் அவரை வெளியே போகச் சொன்னார். அவர் போகவில்லை, வேறு ஆள் செய்தால் முடியை அதிகமாக எடுத்துவிடுவார்கள் என்றார். மருத்துவர், "பெரிய வழி, அபூ ஸுந்துஸ். இடப்பக்கம். மிச்சம் வைக்க முடியாது" என்றார். தன்னூன் தம் மகளின் தலையை மழித்தார். இடுப்புவரை நீண்ட முடி. அதைத் துணியில் முடிந்து சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

கையால் சுற்றும் துளைக்கருவியால் ஓட்டில் துளைகள் போட்டு, ஒரு துளையிலிருந்து மறு துளைக்குக் கம்பிரம்பத்தை நுழைத்து அறுப்பதுதான் எங்கள் முறை. மின்கருவி பழுதாகி நெடுநாள் ஆகியிருந்தது. எலும்பு மூடி போலக் கழன்று வந்தது. அடியில் தேங்கியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். ஆனால் மூளை விம்மி மேலே வந்தது. அந்த நிலையில் மூடியைத் திரும்ப வைத்தால் மூளை நசுங்கும். ஆகவே தோலை மட்டும் தைத்து, வீக்கம் வற்றும்வரை எலும்பை வெளியே வைத்திருப்பது வழக்கம். நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே பதித்து வைப்பதும் உண்டு. அன்று மயக்க வாயு தீர்ந்துகொண்டிருந்ததால் அதற்கு நேரம் இல்லை. எலும்பைக் கழுவி, பையில் இட்டு, என்னிடம் கொடுத்தார்கள். அதன் மேல் பெயரை எழுதி இரத்த வங்கியின் ஃப்ரீஸரில், என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அவள் கண் திறக்கவில்லை. காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. தன்னூன் வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அந்த வாரத்தில் கம்பிரம்பமும் நூலும் வாங்கிவர என்னைப் பாக்தாதுக்கு அனுப்பினார்கள். நான் இல்லாதபோது நகரத்தில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. இரத்தப் பைகளை வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதற்காக என் பெட்டியின் பூட்டை உடைத்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். எலும்பு இருந்த பையை ஒரு மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அது உருகத் தொடங்கியது.

அன்று காலை டாக்டர் வாஸிக் ஸுந்துஸின் கண்மணிகளைப் பார்த்துவிட்டு, தன்னூனின் தோளில் கைவைத்து, "மனசத் திடப்படுத்திக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். இதை அவரே பின்னாளில் என்னிடம் ஒப்புக்கொண்டார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எங்கள் பிரிவில் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்பது தன்னூனுக்குப் பல வருஷமாகத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு இறங்கி வந்தவர், மேசைமேல் நீர் சொட்டிக்கொண்டு கிடந்த பையில் தம் மகளின் பெயரைப் படித்தார்.

எலும்பு திரும்ப வைக்கப்படும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வைத்ததைப் பலமுறை பார்த்தவர். அதை அறியாமையால் செய்துவிட்டார் என்று அவருக்காகப் பரிந்து பேசுபவர்கள் சொல்வது தவறு. அவள் பிழைக்கமாட்டாள் என்று அவர் நம்பினார். நாளையோ மறுநாளோ அவள் மண்ணுக்குள் போகும்போது அவளுடைய ஒரு பாகம் குப்பைக்கூடைக்குப் போயிருக்கக் கூடாது. அவளுக்கு முன்பாகவே போய் அங்கே காத்திருக்க வேண்டும். அவர் அவசரப்பட்டது இதற்காகத்தான்.

எலும்பை வெள்ளைத் துணியில், முடிந்து வைத்திருந்த முடியோடு சேர்த்துச் சுற்றி, மனைவியின் கபருக்குப் பக்கத்தில் புதைத்தார். மையவாடியில் குழி வெட்டுபவரிடம் பின்னர் நான் கேட்டறிந்தது இது. புதைத்து முடித்ததும் தன்னூன் அந்த இடத்தை ஒட்டி நீளவாக்கில் காலால் கோடு கிழித்திருக்கிறார்.

"இந்த எடத்த யாருக்கும் குடுத்துராத."

"எப்ப வேணும்?"

"இந்த வாரத்துல."

அந்த வாரம் காய்ச்சல் இறங்கியது. அடுத்த வாரம் அவள் கண் திறந்தாள். நான் பாக்தாதிலிருந்து திரும்பியிருந்தேன். ஷமீரான் குனிந்து அவளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் உதடு அசைந்தது. ஷமீரான் காதை வாயருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து, அழுதுகொண்டே சிரித்தார். அவருடைய லிப்ஸ்டிக் பல்லில் ஒட்டியிருக்கிறது என்று ஸுந்துஸ் சொல்லியிருக்கிறாள். வார்டு முழுக்கச் சிரித்தது. தன்னூனைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார். அவள் "பாபா" என்றாள். அவர் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடிக் குவளையை வாங்கி, குடிக்காமல், ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

வீக்கம் வற்றிய பிறகு, இளவேனிலில், எலும்பைக் கொண்டுவரும்படி டாக்டர் வாஸிக் என்னிடம் சொன்னார். மின்வெட்டின்போது என் பெட்டியை மாற்றி வைத்ததாக மட்டுமே எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. தேடினேன். எல்லா இடத்திலும் தேடினேன். விசாரணைக் குழு அமைத்தார்கள். நான் ஊரில் இல்லை என்பதற்கான பயண உத்தரவைக் காட்டினேன். ஊரில் இல்லாததே அலட்சியம் என்று குழு எழுதியது.

மறுநாள் தன்னூன் குழுவின் முன் போய் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதையும் வாங்கிக் கோப்பில் சேர்த்தார்கள். ஆனால் என்னைப் பற்றிய முடிவு முந்தின நாளே மேலே போய்விட்டது; மேலே போனதைக் கீழே இறக்குவது வழக்கமில்லை என்றார்கள். இரண்டு தாள்களின் நகலும் என்னிடம் இருக்கின்றன. அதை வைத்து நான் செய்த முறையீடுகளின் கதை தனி. இங்கே அது தேவையில்லை.

அன்று மாலை தன்னூன் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"அபூ ஹாரிஸ், உங்க சோத்துல மண்ணப் போட்டுட்டேன்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொண்ணு கேக்க வந்திருக்கேன். கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. ஸுந்துஸுக்குத் தெரிய வேண்டாம்."

"அப்ப யாரு தொலைச்சதா சொல்றது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரைச் சொல்வது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. நான் சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். வாசலில் நின்ற அந்த முகத்தை அவள் பார்க்கவில்லை.

புதைத்ததைத் தோண்டி எடுக்கலாமா என்று தன்னூன் பள்ளிவாசலில் கேட்டார். உயிரோடிருப்பவளின் தேவைக்காக எடுக்கலாம் என்று இமாம் அனுமதி கொடுத்தார். குழி வெட்டுபவரோடு நானும் போயிருந்தேன். அந்த வருஷம் மழை அதிகம். துணி மக்கிப்போயிருந்தது. முடி அப்படியே இருந்தது. எலும்பு கறுத்து, ஓரங்கள் அரித்திருந்தன. தூக்கியபோது நடுவில் விரிசல் விட்டது. டாக்டர் வாஸிக் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கொதிக்க வைத்தால் ஆகாதா என்று தன்னூன் கேட்டார். மண்ணை உறிஞ்சிய எலும்பை மூளைக்கு மேல் வைக்கத் தம்மால் முடியாது, வைத்தால் சீழ் பிடித்துச் செத்துவிடுவாள் என்றார் மருத்துவர். எலும்புச் சிமெண்ட் கிடைத்தால் புது மூடி வார்த்துவிடலாம். அது தடைக்காலத்தில் வரவில்லை. கேட்டு எழுதினார், திரும்பத் திரும்ப எழுதினார். தன்னூன் எலும்பை இரண்டாம் முறை அதே இடத்தில் புதைத்தார்.

இதற்கிடையே ஸுந்துஸ் வீட்டுக்கு வந்திருந்தாள். தலையின் இடப்பக்கம் முதலில் புடைத்திருந்தது. வீக்கம் வற்ற வற்ற அது குழிந்தது. தலைமுக்காட்டுக்கு மேலாகவே பள்ளம் தெரியும். கோடை வந்ததும் ஒன்றைக் கவனித்தார்கள். எழுந்து உட்கார்ந்தால் அவளுக்கு வார்த்தைகள் போய்விடும். வாய் அசையும், சொல் வராது. படுத்து, கொஞ்சநேரம் போனால், ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ஓடு இல்லாத இடத்தில் தோல் உள்வாங்கி மூளையை அழுத்துவதால் இப்படி ஆகிறது, மூடி வைத்துவிட்டால் நிமிர்ந்தபடியே பேசுவாள் என்று டாக்டர் வாஸிக் விளக்கினார். மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை வந்து பார்த்தார்கள். வந்தவர்களை மதித்து அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவர்கள் கேட்ட எதற்கும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

பள்ளிக்கூடம் போக முடியாதவள் படுத்தபடி பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். தரையில் மெத்தை விரித்து வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பாள். சந்துப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து எழுத்துப் பழகும். என் கடைசி மகளும் அங்கேதான் படித்தாள். அவளை அழைத்துவரப் போகும்போதெல்லாம் எனக்கு மண்டகப்படி நடக்கும்.

"வாங்க, அபூ ஹாரிஸ். என் எலும்பு கெடைச்சுதா? கோட்டுப் பையில பாத்தீங்களா?"

"இன்னும் தேடறோம்மா."

"ஒரு மண்டை ஓட்டையே பத்திரமா வைக்கத் தெரியலையே, ஊசி நூலையெல்லாம் எந்த தைரியத்துல உங்ககிட்ட குடுத்தாங்க? பசங்களா, நல்லாப் பாத்துக்குங்க. பென்சில எடுத்த எடத்துல வைக்கலன்னா பெரியவங்களாகி இவர மாதிரிதான் ஆவீங்க."

பிள்ளைகள் சிரிப்பார்கள். தன்னூன் அறையின் மூலையில் உட்கார்ந்து பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பும்போது வாசல்வரை வந்து வழியனுப்புவார். ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

ஒருமுறை ஷமீரான் அவளைப் பார்க்க வந்திருந்தபோது இந்தக் கேலி நடந்தது. ஷமீரான் அதைக் கேட்டுவிட்டு, முகம் கறுத்து எழுந்து முற்றத்துக்கு வந்தார். தன்னூனைக் கூப்பிட்டார்.

"வேலையப் பறிகொடுத்துட்டு நிக்கிற மனுஷன, அதுவும் சின்னப் பசங்க முன்னால. கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க."

"சொல்றேன், சிஸ்டர்."

"எப்ப?"

"சிமெண்ட் வந்து மூடி போட்டப்பறம் சொல்லலாம்னு..."

"சிமெண்ட் வராது, அபூ ஸுந்துஸ். நீங்க சொல்றீங்களா, நான் உள்ள போகட்டுமா?"

இரண்டு நாளில் தன்னூன் என்னை வரச் சொல்லி அனுப்பினார். சாட்சியாக இருக்கும்படி கேட்டார். மதியம். பிள்ளைகள் போயிருந்தார்கள். அவர் மகளைத் தூக்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்து, ஷூர்பா சூப்பை ஊட்டினார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்போதுதான் சொன்னார். சொற்கள் அவளுக்கு இல்லாத நேரத்தைப் பார்த்துச் சொன்னார் என்று அப்போது நான் நினைத்தேன். அது சரியா தவறா என்பதை அவரிடம் நான் கேட்டதில்லை. ஆகவே உறுதியாகச் சொல்ல மாட்டேன். மின்சாரம் போனது, மருத்துவர் தோளில் கைவைத்தது, மேசைமேல் பை கிடந்தது, மையவாடி, காலால் கிழித்த கோடு, எல்லாவற்றையும் சொன்னார். அவ்வளவு வார்த்தைகளை அவர் ஒருசேரப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அவள் வாய் அசைந்தது. என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு தலையணையைத் தானே விலக்கி, கையை ஊன்றி, மெல்லப் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் காத்திருந்தோம். வெளியே தள்ளுவண்டிக்காரன் தர்ப்பூசணி கூவிக்கொண்டு போனான். அவன் சந்தைத் தாண்டிப் போய்விட்ட பிறகும் அவள் பேசவில்லை. பிறகு கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்.

"நான் மூச்சு விட்டுக்கிட்டுதானே இருந்தேன், பாபா?"

அவர் தலையை ஆட்டினார். அவள் கண் மூடியிருந்ததால் அது தெரிந்திருக்காது.

"பக்கத்துலயே ஒக்காந்திருந்தியாமே. ஒனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா" என்றார் தன்னூன். "கேட்டுச்சு."

அவள் சுவர்ப்பக்கம் திரும்ப நினைத்தாள். அது இடப்பக்கம்; ஓடு இல்லாத பக்கம்; திரும்ப முடியாது. ஆகவே அப்படியே எங்களைப் பார்த்துக் கிடந்தாள்.

எலும்பைப் பற்றி அவள் பிறகு கேட்கவே இல்லை. என்னிடம் மட்டும், அடுத்த முறை போனபோது, பிள்ளைகள் எல்லோரும் கேட்கும்படி, தான் சொன்னதெல்லாம் தப்பு, இவர் எதையும் தொலைக்கவில்லை என்றாள். என் மகளைத் தனியாக அழைத்து முத்தமிட்டாள். கோப்பில் கிடக்கும் எந்தத் தாளும் எனக்குச் செய்யாததை அவள் செய்தாள்.

அப்பாவை அவள் திட்டவில்லை, கதவைச் சாத்தவில்லை. அதற்குப் பிறகு நடந்தது வேறு. அவர் அறைக்குள் வந்தால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தகப்பன் உள்ளே வரும்போது பிள்ளைகள் படுத்திருக்காமல் எழுவது எங்கள் வீடுகளில் உள்ள மரியாதைதான். உடம்பு சரியில்லாதவளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு; அதுவரை அவளும் எழுந்ததில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்காருவாள். கேட்டதற்குத் தலையசைப்பாள். அவர் வெளியே போன பிறகு படுப்பாள். மரியாதையாகச் செய்தாளா, பேச வேண்டாம் என்று செய்தாளா என்று யாராலும் சொல்ல முடியாது, கேட்கவும் முடியாது. எழ வேண்டாம்மா, படும்மா என்று அவர் ஆரம்பத்தில் கெஞ்சிப் பார்த்தார். அவள் தலையசைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே அவர் உள்ளே போவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டை என் மகளிடமோ வேறு பிள்ளைகளிடமோ கொடுத்து அனுப்புவார். வேலைவிட்டு வந்தால் முற்றத்தில், அவள் ஜன்னலுக்குக் கீழே, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். உள்ளே அவள் பிள்ளைகளை மிரட்டுவதும், எழுத்தை இழுத்து இழுத்துச் சொல்வதும், யாரோ ஒருவனின் மூக்கைப் பற்றிக் கேலி செய்வதும் கேட்கும். வாசற்கதவு தட்டப்பட்டால் சத்தமில்லாமல் எழுந்துபோய்த் திறப்பார். அவர் அங்கே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியக் கூடாது. நான் போகும்போது உதட்டில் விரலை வைத்துக்காட்டுவார். மகளுடைய குரல் அவருக்குக் கிடைத்த வழி அது ஒன்றுதான். கோடையும் குளிரும் அப்படிப் போயின.

அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு நுரையீரலில் சளி கட்டியது. அந்த முற்றத்து ஈரம்தான் காரணம் என்று ஷமீரான் சொல்வார். மருந்து தட்டுப்பாடான காலம். மருத்துவமனையில் படுக்க அவர் சம்மதிக்கவில்லை. மகளின் அறையிலேயே கட்டில் போட்டோம். ஸுந்துஸ் இரவும் பகலும் அவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். ஒரு சொல் இல்லை. அவருக்கு நினைவு வந்து வந்து போயிற்று; நினைவு வரும்போது மகளைப் பார்ப்பார், அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு நண்பகலில் டாக்டர் வாஸிக் வந்து பார்த்தார். முற்றத்தில் என்னிடம், இன்றைய பொழுது தாண்டாது என்றார். அவர் தாழ்ந்த குரலில் சொன்னதை அடுத்த வீட்டுப் பெண்மணி கேட்டுவிட்டார். நல்ல மனதுக்காரர், உதவியாக இருக்கட்டும் என்று வீட்டுக்கு ஓடி, பஞ்சும் கற்பூரமும், இறந்தவரைச் சுற்றும் கபன் துணியும் எடுத்துவந்து அறைக்குள் வைத்தார். நானும் ஷமீரானும் வாசற்படியில் நின்றிருந்தோம்.

ஸுந்துஸ் அந்தத் துணியைப் பார்த்தாள். வாய் அசைந்தது. வரவில்லை. அப்பாவின் கையை மடியிலிருந்து எடுத்து மெதுவாகக் கட்டிலில் வைத்தாள். கீழே இறங்கி, வெறும் தரையில், கட்டிலை ஒட்டி வலப்பக்கமாகப் படுத்தாள். அவளுக்கு மயக்கம் வந்துவிட்டதென்று அடுத்த வீட்டுப் பெண்மணி குனிந்தார். ஷமீரான் அவரைத் தடுத்து நிறுத்தினார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். சொற்கள் வந்து சேர நேரம் எடுத்தது.

"அதத் திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றாள். "எங்க பாபா மூச்சு விட்டுக்கிட்டிருக்காரு. எனக்குக் கேக்குது."

பெண்மணி துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதன் பிறகு அவள் அவரோடு பேசினாள். ஒன்றரை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது எதையும் சொல்லவில்லை. எந்தப் பையன் எந்த எழுத்தைத் தலைகீழாக எழுதுகிறான், யாருடைய அம்மா பிள்ளையின் பையில் வெங்காயத்தை வைத்து அனுப்பினாள், ஜன்னலுக்குக் கீழே ஸ்டூல் தேய்கிற சத்தம் தனக்கு ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஸ்டூலின் ஒரு கால் குட்டை, அதை யாராவது சரிசெய்யக் கூடாதா, இப்படி. நடுவில் நிறுத்திக் கட்டில் பக்கம் காதைக் கொடுப்பாள். பிறகு தொடருவாள். அவர் முகம் எங்கள் பக்கம் இருந்தது, கண் மூடியிருந்தது. அவருக்கு அது கேட்டதா என்பது எனக்குத் தெரியாது. கேட்டது என்று எழுத ஆசைதான். கட்டிலருகே போய் அவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்த ஷமீரானிடமும் கேட்டுப் பார்த்தேன். அவராலும் சொல்ல முடியவில்லை.

சல்கம் கிழங்கை பேரீச்சம்பாகு விட்டு வேகவைக்கும்போது அப்பா எப்போதும் பாகை அதிகமாக ஊற்றிவிடுகிறார் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவ நான் படுத்துக்கிட்டே பக்கத்துல இருந்து சொல்றேன், நீ ஊத்து, போதும்னு நான் சொன்னதும்..." என்று ஆரம்பித்தவள், நடுவில் நிறுத்திக் காதைக் கொடுத்தாள். மீண்டும் காதைக் கொடுத்தாள். அதற்குமேல் அந்த வாக்கியத்தை அவள் தொடரவில்லை.